ஏறும் மீனும் இறங்கும் நீரும்

புலால் விலக்கிய இரமணாசிரமத்தின் அருகில் நின்று மீன்பிடித்தலைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமற்றதாகச் சிலருக்குத் தோன்றலாம். 1948ஆம் ஆண்டில் இறந்த இலட்சுமி என்னும் பசுவுக்குச் சமாதி எழுப்பிப் போற்றும் இடம் அது. ஆயினும் அவ்வாசிரமத்துக்குத் தென்மேற்கே சற்றுத் தொலைவில்தான் சமுத்திரம் ஏரி உள்ளது. பெயரோ சமுத்திரம், மழை பொய்த்த ஆண்டுகளில் தரை தெரியும். இவ்வாறு நீர் ஏறுவதும் இறங்குவதுமான நம் ஏரிகளின் கரையில் ஓர் அறக்கேள்வி நமக்காகக் காத்திருக்கிறது.

பருவமழையில் ஏரி நிரம்பிக் கோடி போகும்போது, மீன்கள் பாய்ந்துவரும் புதுநீரை எதிர்த்து மேலேறுகின்றன. வயிறு நிறையச் சினையோடு, ஆழமில்லா வாய்க்காலில் முதுகு வெளியே தெரிய ஏறும் கெண்டையையும் கெளுத்தியையும் பிடிக்கத் தூண்டிலும் வேண்டா, திறமையும் வேண்டா. கூடை போதும், பழைய கொசுவலை போதும். கோடையிலோ நிலைமை நேர்மாறு. நீர் சுருங்கச் சுருங்க மீன்கள் கடைசிக் குட்டையில் வந்து நெருங்குகின்றன. சேற்றில் கைவிட்டாலே விரால் அகப்படும். முன்னதில் இனம் பெருக்கும் வேட்கையே மீனுக்குப் பகை. பின்னதில் தப்ப இடமின்மை பகை. இரு வேளையிலும் நமக்கு வாய்ப்பாக அமைவது அவ்வுயிரின் இயலாமையே. எளிதில் கைக்கு எட்டுகிறது என்பதாலேயே ஒன்று நமக்கு உரியதாகிவிடுமா?

இக்கேள்விக்குச் சட்டத்தின் வழியாகவே விடைகாண முயன்ற நாடு ஸ்காட்லாந்து. அங்குள்ள சால்மன் மீன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. ஆற்றுக்குள் நுழைந்தபின் அது இரை தேடி உண்பதில்லை. வண்ண இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிக் கட்டிய பொய்யிரையை நீரோட்டத்தில் வீசி, பசியற்ற அம்மீனைச் சீண்டிக் கடிக்கச் செய்வதே அங்குள்ள தூண்டிற்கலை. அதில் வல்லோர் காலையில் முதலில் பார்ப்பது ஆற்றின் நீர்மட்ட அளவுகோலைத்தான். வெள்ளம் கலங்கிச் சீறி ஏறும்போது பொய்யிரை மீனின் கண்ணுக்குத் தெரியாது; வெள்ளம் தணிந்து நீர் தெளியத் தொடங்கும் நேரமே அவர்களுக்குப் பொன்னான நேரம். மழையற்ற கோடையில் ஆறு மெலிந்து வெதும்பினால் மீன்கள் மடுக்களில் தேங்கிவிடுகின்றன. அப்போது நல்ல தூண்டிற்காரர் தூண்டிலைச் சுருட்டிவிடுகிறார். வெதும்பிய நீரில் உயிர்வளி குறைவு. போராடிக் களைத்த மீனை விடுவித்தாலும் அது பிழைப்பது அரிது. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசை நெருங்கினால் நிறுத்திக்கொள்வது அவர்களிடையே நெறியாகப் பரவியுள்ளது.

ஞாயிற்றுக்கிழமையில் சால்மன் பிடிப்பது அங்கே சட்டப்படி குற்றம். வலைகளுக்கோ வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை ஓய்வு. (ஞாயிறு ஓய்வைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம், மீனுக்கும் அதில் பங்குண்டு என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.) 2016ஆம் ஆண்டு முதல், இனம் நலிந்த ஆறுகளில் பிடிபட்ட சால்மனைத் திரும்ப நீரில் விட்டேயாக வேண்டும். அப்படியிருந்தும் 2023 டிசம்பரில் பிரித்தானியச் சால்மன், அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

அந்நாட்டுத் தூண்டிற்காரரை முழுமையாகப் போற்றவும் நமக்கு மனம் வரவில்லை. உண்பதற்கும் அன்று, விற்பதற்கும் அன்று. பிறகு எதற்காக அந்த முள்? விட்டுவிடுகிறோமே என்பது விடையாகாது. 2003ஆம் ஆண்டில் அதே நாட்டில், ரோஸ்லின் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் வானவில் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் நோவுணரும் நரம்புமுனைகள் இருப்பதை எடுத்துக்காட்டினர். உதட்டில் எரிச்சலூட்டும் பொருள் செலுத்தப்பட்ட மீன்கள் தொட்டியின் சரளைக்கற்களில் வாயைத் தேய்த்தன. மீன் படும் துன்பம் நம் துன்பத்தை ஒத்ததா என்ற விவாதம் அறிவியலாரிடையே ஓயவில்லை. அது ஓயும்வரை விளையாடிக்கொண்டிருக்கலாம் என்று மனச்சான்று வாதிடாது. வீட்டுக் குழம்புக்காகக் கொசுவலை விரிக்கும் கூலித்தொழிலாளியின் செயல், பொழுதுபோக்குக்காக முள்ளிட்டுப் பின் விடுவிக்கும் செல்வரின் செயலைவிட நேர்மையானது என்றே நாம் கொள்கிறோம். நம் ஆண்டவரும் மீன் உண்டவரே. உயிர்த்தபின் திபேரியாக் கடற்கரையில், கரிநெருப்பில் மீன் வைத்துச் சீடர்களை உண்ண அழைத்தவரே.

ஆனால் உண்ணும் உரிமை எதுவரை? கூட்டில் தாய்ப்பறவையைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாயைப் போகவிட வேண்டும் என்று இணைச் சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் விதிக்கிறது. உண்பதை அது தடுக்கவில்லை. ஊற்றுக்கண்ணை அடைப்பதைத் தடுக்கிறது. ஆள் நெருங்கியும் தாய்ப்பறவை பறந்தோடாமல் அமர்ந்திருப்பது எதனால்? குஞ்சின்மேல் உள்ள பாசத்தால் அன்றோ? அந்தப் பாசத்தையே கண்ணியாக்கலாகாது என்பதாகவும் இச்சட்டத்தைப் படிக்க இயலும். சினையோடு வாய்க்காலில் ஏறும் கெண்டைக்கும் இது பொருந்தாதா?

நம் மக்கள் இதை அறியாதவர் அல்லர். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களின் பல ஊர்களில், கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் மீனைத் தொடாமல் விட்டுவைக்கிறார்கள். கோடையில் நீர் வற்றியபின், ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றூரார் எல்லாரும் இறங்கிப் பிடிக்கிறார்கள். மீன்பிடித் திருவிழா என்றே அதற்குப் பெயர். தாழ்ந்த நீரில் தூண்டிலைச் சுருட்டும் ஸ்காட்லாந்தியருக்கு இது கொடுமையாகப் படலாம். ஆனால் அவருடைய ஆறு மீண்டும் ஏறும். மீனும் பிழைத்து முட்டையிடும். நம் கண்மாயில் எஞ்சிய மீன் சேற்றில் காய்ந்து மடியவே காத்திருக்கிறது. ஆகவே நம்மிடம் விலக்க வேண்டியது ஏறும் மீனையே. இறங்கும் நீரின் மீனை உண்பதில் குறை காண நமக்கு வழியில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதிருப்பதும் மீன் இனம் பெருக இடம் விடும் எண்ணத்தால்தான்.

நம்மை உறுத்துவது வேறொன்று: ஏரிகளின் மீன்பாசி ஏலம். குத்தகை எடுத்தவருக்குக் காலக்கெடு உண்டு. அது முடிவதற்குள் கடைசி மீனும் பிடிபட்டால்தான் போட்ட பணம் மீளும். இதற்காக மதகைத் திறந்தோ, இயந்திரம் வைத்து இறைத்தோ ஏரி நீரை வெளியேற்றுகின்றனர் என்று உழவர்கள் முறையிடும் செய்திகள் தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் அவ்வப்போது வருகின்றன. நீர் தானாக இறங்கும்வரை பொறுத்திருக்க அங்கே எவருக்கும் நேரமில்லை. ஏலம் எடுத்தவரும் சட்டப்படி பணம் கட்டியவரே. கடன் வாங்கிக் கட்டியவராகவும் இருக்கக்கூடும். ஆனால் அந்நீரை நம்பி மதகடியில் நாற்று விட்டவரும், அதில் மாட்டை இறக்கிக் குளிப்பாட்டுபவரும் ஏலத்தின்போது எங்கே நின்றார்கள், அவர்களை யார் கேட்டார்கள்?