கொடுத்தால் கடமை தீர்ந்ததா?

 

ரமளானின் கடைசிப் பத்தில் நம் ஊர்களில் ஜகாத் பங்கிடும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். செல்வர் வீட்டு வாசலில் வரிசை நிற்கும். ஒரு ரூபாய் நோட்டோ, ஒரு புடவையோ கைமாறும். வாங்கியவர் துஆச் செய்துவிட்டு அடுத்த வாசலுக்கு நடப்பார்.

அப்படிப் பங்கிடும் பணியில் நானும் நின்றிருக்கிறேன். ஓராண்டு, இடுப்பில் கைக்குழந்தையுடன் ஒரு தாய் வந்தார். சில ஆண்டுகள் கழித்து அதே வாசலில் அவரை மீண்டும் கண்டேன். அந்தக் குழந்தை வளர்ந்திருந்தது. தாயின் முந்தானையைப் பிடித்தபடி தானும் கை நீட்டிற்று! அன்று என் உள்ளம் என்னையே கேட்டது: ‘இத்தனை ஆண்டுகள் கொடுத்தோமே, கடமை தீர்ந்ததா?’

சட்டத்தின்படி தீர்ந்தது. உரியவருக்குப் பொருளை உடைமையாக்கிவிட்டால் ஜகாத் நிறைவேறிவிடும். ஆனால் அத்தாயின் வறுமை தீரவில்லை. கையேந்துதலையே அவர் தம் பிள்ளைக்குச் சொத்தாக விட்டுச் செல்லும்படி நாம் விட்டுவிட்டோம். இது சட்டத்தின் குறையன்று. நம் பார்வையின் குறை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழியைப் பாருங்கள். அன்ஸாரிகளில் ஒருவர் உதவி கேட்டு வந்தார். அவர் வீட்டில் இருந்தவை ஒரு கம்பளித் துணியும் ஒரு தண்ணீர்க் கிண்ணமுமே. அவற்றைக் கொண்டுவரச் செய்து, சபையில் ஏலம் கூறி, இரண்டு திர்ஹத்திற்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்தில் வீட்டாருக்கு உணவு வாங்கச் சொன்னார்கள். மற்றதில் கோடரி வாங்கி வரச் சொன்னார்கள். தம் திருக்கரத்தாலேயே அதற்குப் பிடி போட்டுக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்றுவிட்டுப் பதினைந்து நாட்கள் கழித்து வரும்படி பணித்தார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்து வந்தார். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது.

இதில் சிந்திக்க வேண்டியவை பல. முதலில் வீட்டாரின் பசி தீர்க்கப்பட்டது. பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு எவரால் தொழில் பழக முடியும்? அடுத்துக் கருவி கிடைத்தது. கோடரிக்குப் பிடி போட மதீனாவில் வேறு ஆள் இல்லையா? இருந்தும் நபியவர்களே போட்டார்கள். ‘நீ தனியாக இல்லை’ என்று அவருக்கு உணர்த்த அதைவிடச் சிறந்த வழி ஏது? அதன் பிறகு ஒரு தவணையும் குறித்தார்கள். கொடுத்ததோடு மறந்துவிடுபவர் தவணை குறிக்க மாட்டார்.

இந்த வழியின் சாயலை நம் அருகிலேயே காணலாம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ள எங்கள் இண்டூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் புறப்படும் குடும்பங்கள் பல. இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான் 1989ஆம் ஆண்டு, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பெண்களின் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. பன்னிரண்டு முதல் இருபது ஏழைப் பெண்கள் ஒன்றுகூடிச் சிறுகச் சிறுகச் சேமித்தார்கள். அவர்களுள் ஒருவரே ‘ஊக்குநர்’ ஆனார். கணக்கெழுதவும் வங்கிக்குள் அச்சமின்றி நுழையவும் அவர்களுக்குப் பழக்கிவிட்டவர்கள் உண்டு. பின்னர் அது ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலமெங்கும் பரவிற்று.

பங்களாதேஷில் 2002இல் ‘பிராக்’ நிறுவனம் பரம ஏழைகளுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. ஆடோ மாடோ கொடுத்து, சில காலம் உணவுச் செலவும் தந்து, அடிக்கடி வீடு தேடிச் சென்று வழிகாட்டுவது அதன் முறை. இம்முறையை இந்தியா, பாகிஸ்தான் உள்ளிட்ட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். உதவி நின்று ஓராண்டு கழிந்த பின்னும் பலன் நிலைத்திருந்தது. பசிக்கு உணவு, கைக்குக் கருவி, உடன் ஒரு துணை என்பதே இதன் சாரம். கோடரி தந்த பாடமும் இதுதானே!

சுய உதவிக் குழுக் கடனில் வட்டி உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை, வட்டி நமக்கு ஹராம். ஆனால் துணை நிற்பதை யார் தடுத்தார்கள்? வட்டியைத் தவிர்க்கும் வழியும் நம்மிடமே உள்ளது. ஜகாத் உண்டு, வட்டியில்லா அழகிய கடன் உண்டு. தொழில் தெரிந்தவருக்கு அவருடைய கருவியை வாங்குமளவுக்கும், வணிகருக்கு முதல் ஆகுமளவுக்கும் ஜகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மஜ்மூஉ’வில் விளக்குகிறார்கள். ஒருவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். துணை நிற்பவர் எஜமானராகிவிடக் கூடாது. ‘என்னால்தான் நீ எழுந்தாய்’ என்ற ஒரு சொல் போதும், செய்த தர்மமெல்லாம் பாழாக! சொல்லிக் காட்டுவதைத் திருக்குர்ஆன் பகரா அத்தியாயம் வன்மையாகக் கண்டிக்கிறது. ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார்கள் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள். அவரோ அதற்கு துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி மட்டும் கேட்டார். ஸஅத் (ரலி) அவர்கள் அதில் மனம் கோணவில்லை. கேட்டவர் கேட்டதைக் கொடுப்பதே உதவி. நம் முன் நிற்கும் தாய்க்குத் தையல் தெரியுமா, மாடு பழக்கமா, பலகாரக் கடை போடுவாரா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். அவருடைய பிள்ளையின் முன்னிலையில் அவரைத் தாழ்த்திப் பேசாதீர்கள்.

ஜமாஅத் பெரியோர்களே! வருகிற ரமளானில் நூறு பேருக்குச் சில்லறையாகப் பங்கிடும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரேயொரு குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள். நேர்மையான ஒருவரை அக்குடும்பத்துக்குத் துணையாக அமர்த்துங்கள். தாய்க்கு ஒரு பெண்ணே துணையாக இருப்பது நலம். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அவர் சென்று விசாரிக்கட்டும். ஓராண்டு பொறுத்திருங்கள். மாடு செத்துப் போகலாம், வியாபாரம் நொடிக்கலாம். அப்போது கைவிடாமல் நிற்பதில்தான் துணையின் பொருள் இருக்கிறது.

மறு ரமளானில் அந்தத் தாய் வரிசையில் இல்லாவிட்டால், அல்ஹம்துலில்லாஹ், நீங்கள் கொடுத்த ஜகாத் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கொடுக்கும் கையோடு உடன்நிற்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.