ஒத்துப்போகாத இடத்தில் ஒரு பதில்

கம்பெனியின் விதி ஒன்று தவறு என்று பட்டால் என்ன செய்வீர்கள்? வேலைக்கான நேர்முகத் தேர்வில், டெக்னிக்கல் ரவுண்டு முடிந்து எச்.ஆர். ரவுண்டில் அடிக்கடி எழும் கேள்வி இது. கருமுத்து தியாகராசன் செட்டியார் 1957இல் நிறுவிய திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியானாலும் சரி, வேறெந்தக் கல்லூரியானாலும் சரி, கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரும் இறுதியாண்டு மாணவருக்கு இது கடினமான கேள்விதான். பாடத்தில் இதற்கு விடை இல்லை.

பொதுவாக வரும் பதில், 'எந்த விதியாக இருந்தாலும் கட்டுப்படுவேன்' என்பது. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்து அது இயல்பாகவே வருகிறது. அதில் பொய்யும் இல்லை. ஆனால் கேட்பவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறார். கண்ணெதிரே கோளாறு தெரிந்தாலும் இவர் வாயைத் திறக்க மாட்டார் என்று எண்ணுகிறார். 'தவறென்றால் எதிர்த்து நிற்பேன்' என்ற பதிலும் உதவாது. எதை, யாரிடம், எப்படி என்ற மூன்றும் அதில் இல்லை.

வாய் திறக்கும் ஆள் நிறுவனத்துக்கு ஏன் தேவை என்பதற்குப் பொறியியல் வரலாற்றிலேயே துயரமான சான்று உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73ஆவது விநாடியில் சிதறியது. 7 பேர் இறந்தனர். கடுங்குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் நெகிழ்வை இழக்கும், ஏவ வேண்டாம் என்று அந்த ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே வாதாடினார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜொலி அந்த வளையங்களைப் பற்றி 1985 ஜூலையிலேயே மேலிடத்துக்கு எழுதியிருந்தார். நிர்வாகம் பொறியாளர்களின் சொல்லை ஒதுக்கிவிட்டு ஏவுதலுக்கு ஒப்புதல் கொடுத்தது.

எனவே நல்ல பதிலில் ஒரு வரிசை இருக்கும். அந்த விதி எதற்காக வந்தது என்று முதலில் கேட்டறிவது. பிறகு காரணத்தோடும் மாற்று யோசனையோடும் நேர் மேலதிகாரியிடம் சொல்வது. முடிவு வேறாக வந்தால் முணுமுணுக்காமல் நடந்துகொள்வது. இதை வெறும் கொள்கையாகச் சொல்லாமல் நடந்த ஒன்றை வைத்துச் சொன்னால்தான் கேட்பவருக்கு நம்பிக்கை வரும். வேலை அனுபவம் இல்லாத மாணவருக்குக் கல்லூரி வாழ்க்கையே போதும். எடுத்துக்காட்டாக, கப்பலூர் தொழிற்பேட்டையில் இன்டர்ன்ஷிப் செய்யும் மாணவரால் விடுதிக் கதவு மூடும் நேரத்துக்குள் திரும்ப முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவர் தொழிற்சாலைப் பொறுப்பாளரின் கடிதத்தோடு வார்டனைப் பார்க்கிறார். ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கிறார். அரை மணி நேரம் கிடைக்கிறது. அதற்குள் வந்து சேர்கிறார். பதில் இவ்வளவுதான். வார்டனைக் குறை சொல்லும் ஒரு சொல்கூட அதில் இல்லை என்பதைக் கேட்பவர் கட்டாயம் கவனிப்பார். முன்பு வேலை பார்த்த இடத்தைத் தூற்றுகிறவர் நாளை இந்த இடத்தையும் தூற்றுவார் என்ற கணக்கு அவருக்கு உண்டு.

'மேலிடம் ஒத்துக்கொள்ளாவிட்டால்?' என்பது அடுத்த கேள்வி. பிடிக்காத விதி வேறு, சட்டத்துக்குப் புறம்பான விதி வேறு. வருகைப்பதிவு, விடுப்பு, சீருடை போன்றவற்றில் பணிந்துபோகலாம். கணக்கைத் திருத்தச் சொன்னாலோ, பாதுகாப்புச் சோதனையை விட்டுவிடச் சொன்னாலோ மறுத்தே ஆக வேண்டும். அதைத் தயங்காமல் சொல்லலாம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் இத்தகைய புகார்களுக்குத் தனி வழி இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 177ஆவது பிரிவில் சொல்கிறது.

அரசுப் பணித் தேர்வில் இதே கேள்வியின் எடை கூடுகிறது. குடிமைப் பணித் தேர்வின் மொத்தம் 2,025 மதிப்பெண்களில் 275 நேர்முகத்துக்கு உரியவை. மத்திய அரசு ஊழியர் அரசின் கொள்கையைப் பொதுவெளியில், வானொலியில்கூட, விமர்சிப்பதை 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் தடுக்கின்றன. ஆனால் கோப்பில் மாற்றுக் கருத்தை எழுதுவது அவருடைய கடமை. மேலதிகாரி வாய்மொழியாக இட்ட ஆணையை எழுத்தில் கேட்டுப் பெறவும் அதே விதிகள் இடம் தருகின்றன. முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில், வாய்மொழி ஆணையை மட்டும் நம்பி அதிகாரிகள் செயல்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. கருத்தைக் கோப்பில் எழுதுவேன், ஆணையை எழுத்தில் கேட்பேன், சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால் நிறைவேற்றுவேன் என்று சொல்லும் தேர்வருக்கு அந்தத் தீர்ப்பே துணை நிற்கிறது.