கெட்டது எது?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று தூங்குகிறதா? அப்படியானால் ஒரு கேள்வி. அதில் என்ன கெட்டுப்போயிருக்கிறது?

‘என்னவோ சார்... கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்’ என்பது உங்கள் பதிலானால், நீங்களும் நானும் ஒரே கட்சி.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். அவரிடம் பதினாலு வருஷத்துக் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. கண் ஆபரேஷனுக்குப் பிறகு செல்போன் எழுத்தெல்லாம் அவருக்கு எறும்பு ஊர்வது மாதிரி தெரிகிறது. கரன்ட் பில் கட்டுவது, பேப்பர் படிப்பது, வெளியூரில் இருக்கும் மகள் முகத்தைப் பார்ப்பது எல்லாம் அந்தப் பெரிய மானிட்டரில்தான்.

ஓர் ஐப்பசி மழை நாளில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. கேபிள் வழியாக வந்த மின்சாரம் மோடத்தை எரித்துவிட்டது. புது மோடம் வந்தது. செல்போனில் நெட் வந்தது. கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை.

“மதர்போர்டு போயிருக்கும் சார். இதுக்கும் வயசாச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க.”

அவர் சிரித்தார். “தம்பி, ‘போன் வேலை செய்யல’ன்னு கம்ப்ளெயின்ட் வந்தா, நாங்க போனையா தூக்கிப் போடுவோம்? எக்ஸ்சேஞ்ச்ல ஆரம்பிச்சு வீடு வரைக்கும் ஒவ்வொரு இடமா டெஸ்ட் பண்ணிட்டு வருவோம். முக்கால்வாசி நேரம் கம்பத்துல ஒரு ஜாயின்ட் துருப்பிடிச்சிருக்கும். அவ்வளவுதான். கெட்டது எதுன்னு சொல்லு, அப்புறம் தூக்கிப் போடலாம்.”

வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து பார்த்தோம். அதே கேபிளை என் லேப்டாப்பில் செருகினால் நெட் வருகிறது. ஆக, கேபிள் நல்லது, மோடம் நல்லது. கம்ப்யூட்டரில் செருகினால் லேன் போர்ட்டில் எரிய வேண்டிய குட்டி விளக்குகள் எரியவில்லை. இறந்திருந்தது அந்தப் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும், விரல் நகம் அளவு சிப் மட்டும்தான். மற்றதெல்லாம் கல் மாதிரி இருந்தது.

சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. லேன் அடாப்டர் என்று ஒன்று கிடைக்கிறது. அதை யு.எஸ்.பி. துளையில் செருகி, கேபிளை அதில் மாட்டினால் போதும். யு.எஸ்.பி. 1996-ல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர், இந்தியாவில் பிறந்த அஜய் பட். எந்தக் கருவி எப்போது வந்தாலும் ஒரே துளையில் செருகலாம் என்ற அந்த யோசனைதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

ஆனால், ஒரு வேடிக்கை. அடாப்டர் வேலை செய்ய டிரைவர் என்கிற சாஃப்ட்வேர் வேண்டும். அதை நெட்டிலிருந்து இறக்க வேண்டும். நெட் வேண்டுமென்றால் அடாப்டர் வேலை செய்ய வேண்டும்! பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. என் லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். செத்த சிப்பை பயாஸில் போய் டிஸேபிள் செய்தோம். நெட் வந்தது. சாருக்குக் கண் கலங்கியதா, ஆபரேஷன் செய்த கண் என்பதாலா என்று தெரியவில்லை.

உடனே, ‘அப்போ பழசு எதையுமே விடக்கூடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. அதே பெட்டியில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ம் தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. அதை நெட்டில் விடுவது, திருடன் நுழைய வீட்டைத் திறந்துபோட்டு, அங்கிருந்து தெருவுக்கே வழிகாட்டுகிற மாதிரி. 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ வைரஸ் இப்படித்தான், அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்கள் வழியே பரவி பிரிட்டன் ஆஸ்பத்திரிகளையே முடக்கியது. அதனால் விண்டோஸ் 7-ஐ எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டோம். பழகின ஐகான்களைக் காணோம் என்று சார் இரண்டு நாள் என்னோடு சண்டை!

அதாவது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு வயசு அளவுகோல் அல்ல. கெட்டது எது என்று சரியாகச் சொல்வதுதான் அளவுகோல். தீர்ப்பு, குற்றத்தின் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். 2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையைச் சேர்த்தது என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதம்தான். மீதியில் எத்தனை, நகம் அளவு சிப்புக்காக முழுசாகத் தூக்கிப் போடப்பட்டவையோ!

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் கம்ப்யூட்டர் இல்லை.

என் சித்தப்பா மகனோடு ஒன்பது வருஷமாக எனக்குப் பேச்சு இல்லை. கடன் வாங்கினான், தேதி தேதியாகப் பொய் சொன்னான். ‘ஆளே சரியில்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு ராத்திரி தரையில் படுத்துக் காவல் இருந்தவனும் அவன்தான். அவனிடம் கெட்டது எது? பண விஷயம். அந்த ஒரு போர்ட். அதற்காக நான் முழுப் பெட்டியையும் பரணில் ஏற்றிவிட்டேன்.

லைன்மேன் சார் வீட்டில் செத்த போர்ட்டை யாரும் உயிர்ப்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது இன்றைக்கும் செத்துத்தான் கிடக்கிறது. அதை மூடிவிட்டு வேறு வழியில் இணைப்பு கொடுத்தோம். மனிதர்களிடமும் இது முடியும். மன்னித்து மறுபடி கடன் கொடுக்க வேண்டியதில்லை. பணத்தை நடுவில் வைக்காமல் பேசலாம்.

‘அவன் முதல்ல பேசட்டும்’ என்றுதான் ஒன்பது வருஷம் சொன்னேன். இணைப்பு அறுந்தவனால் இணைப்புக்குத் தேவையானதைத் தானே இறக்கிக்கொள்ள முடியாது. யாராவது வெளியிலிருந்து பென் டிரைவில் கொண்டுபோக வேண்டும்.

காலையில் போன் செய்தேன். நாலு ரிங் போனது. “அண்ணே...” என்றான். அதற்கப்புறம் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனால், லைன் இருந்தது.

உங்கள் பரணில் யார் இருக்கிறார்கள்? அவரிடம் கெட்டது எது?