பழைய கணினியும் அமானத்தும்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளில் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகள் பலரிடம் கம்பெனி கொடுத்த லேப்டாப் இருக்கிறது. வேலையை விட்டு விலகும்போது, "பழையதுதானே, நீயே வைத்துக்கொள்" என்று மேனேஜர் சொல்லிவிட்டால் அது ஹலாலாகிவிடுமா?

சொன்னவர் யார் என்று பாருங்கள். மேனேஜர் முதலாளியின் பிரதிநிதிதான். முதலாளியின் பொருளை அவர் அனுமதியின்றி ஹதிய்யா கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. கூட்டு வியாபாரமானால் பங்காளிகளின் சம்மதமும் வேண்டும். ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, முறையாகவே கிடைத்தது. பெட்டியைத்தான் கொடுத்தார்கள், உள்ளே இருப்பதையுமா கொடுத்தார்கள்? வெளிநாட்டு வியாபாரிகளின் ஷூ மாதிரிகள், விலைப்பட்டியல், தொழிலாளர்களின் சம்பளக் கணக்கு, ஆதார் நகல் எல்லாம் அமானத். அமானத்தை உரியவரிடம் ஒப்படைக்கும்படி திருமறை (4:58) கட்டளையிடுகிறது. அந்த விலைப்பட்டியலைப் புது முதலாளியிடம் காட்டுவது கியானத், மோசடி. சும்மா அழித்தாலும் போதாது. அழித்த கோப்பைப் பல சமயம் மீட்டெடுத்துவிடலாம். கம்பெனிக்கு வேண்டியதை ஒப்படைத்துவிட்டு, விஷயம் தெரிந்தவரைக் கொண்டு முழுவதும் துடைத்துவிடுங்கள். கம்பெனி பெயரில் வாங்கிய மென்பொருளும் உங்களுடையதல்ல.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, தம்மைக் கொல்லச் சூழ்ந்த மக்காவாசிகளின் அமானத்துகளைத் திருப்பித் தருவதற்காகவே நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். இங்கே சிலர், "முதலாளி சம்பள பாக்கி வைத்தாரே" என்று சாக்குச் சொல்கிறார்கள்! பாக்கியிருந்தால் ஜமாஅத்தார் முன்னிலையில் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஈடாக லேப்டாப்பை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம்.