மனனம்

'இந்தச் செய்யுளை மனனம் செய்து வா' என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கூறுகிறோம். பொருள் தெரிந்தோ தெரியாமலோ பிழையின்றி ஒப்பித்துவிட்டால் போதும். தமிழில் இன்று இச்சொல்லுக்கு வழக்கில் நிலைத்துவிட்ட பொருள் இதுவே. வேதாந்த நூல்களிலோ அது வேறு பொருளில் வழங்குகிறது. 'மன்' என்னும் வடமொழி வினையடிக்கு எண்ணுதல் என்பது பொருள். கேட்டதை மீண்டும் மீண்டும் எடுத்து ஆராய்ந்து, ஐயம் அறும்வரை எண்ணுதலே மனனம்.

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்கு ஆத்மாவை அறியும் வழியை உபதேசிக்கும்போது சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்ற வரிசையைக் காட்டுகிறார். சாஸ்திரம் கூறுவது இன்னதென்று சிரவணத்தால் தெளிகிறது. 'அது எவ்வாறு பொருந்தும்?' என்ற ஐயத்தை மனனம் போக்குகிறது. நெடுநாள் பழகி ஊறிப்போன மாறான எண்ணத்தை நிதித்யாசனம் அகற்றுகிறது. நம்மில் பலர் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவவே விரும்புகிறோம். மாலையில் உபந்நியாசம் கேட்கிறோம்; மறுநாள் விடியலில் கண்மூடி அமர்கிறோம். கேட்டதைப் பற்றி ஒரு கேள்வியும் இடையில் எழுவதில்லை.

மனனத்தின் வேலையைச் சாந்தோக்கிய உபநிஷதத்தின் எட்டாம் அத்தியாயம் கதையாகவே கூறுகிறது. மூப்பும் மரணமும் துயரமும் அற்ற ஆத்மாவை அறிய விரும்பித் தேவர்களிடமிருந்து இந்திரனும் அசுரர்களிடமிருந்து விரோசனனும் கையில் சமித்துடன் பிரஜாபதியை அடைந்தனர். 32 ஆண்டுகள் பிரம்மசரியம் காத்தனர். கண்ணில் காணப்படும் புருஷனே ஆத்மா என்றார் பிரஜாபதி. இருவரும் அதை நீரில் தெரியும் உருவம் என்று புரிந்துகொண்டு மனநிறைவுடன் விடைபெற்றனர். விரோசனன் தன் மக்களிடம் சென்று உடலே ஆத்மா, அதையே போற்றுங்கள் என்று போதித்துவிட்டான். இந்திரனோ தேவருலகை அடையுமுன் வழியிலேயே நின்றான். உடலை அலங்கரித்தால் இவ்வுருவமும் அலங்காரம் பெறுகிறது. அப்படியானால் உடல் குருடானால் இதுவும் குருடாகும், உடல் அழிந்தால் இதுவும் அழியும். இதில் மரணமற்றது எது?

இருவரும் கேட்டது ஒரே உபதேசம். காத்திருந்த ஆண்டுகளும் ஒன்றே. வழியில் எழுந்த அந்த ஒரு கேள்விதான் வேறுபாடு.

நமக்கும் அந்த வழி வருகிறது. 'நான் இவ்வுடல் அல்லேன்' என்று எத்தனையோ முறை கேட்டுத் தலையசைத்திருக்கிறோம். மருத்துவர் பரிசோதனை அறிக்கையைப் பிரிக்கும்போது உள்ளம் நடுங்குகிறது. கேட்டதெல்லாம் வீணோ என்று அன்பர்கள் வருந்துவதுண்டு. வருந்த வேண்டியதில்லை, ஆராய வேண்டும். நடுங்கியது எது? மனம். அந்த நடுக்கத்தை அறிந்தது யார்? அறியப்படும் நடுக்கம் அறிபவனின் இயல்பாகுமா? ஒருமுறை கேட்டால் இது சொல்விளையாட்டாகத் தோன்றலாம். அச்சம் எழும்போதெல்லாம் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் கேள்வியை மறைக்காமல் குருவிடம் கொண்டு செல்லுங்கள்.

இந்திரன் அதைத்தான் செய்தான். 'பிரஜாபதி கூறியது தவறு' என்று தேவர்களிடம் பேசப் போகவில்லை. மீண்டும் சமித்தை ஏந்தி ஆசிரியரிடமே திரும்பினான். வாதத்தில் வெல்வதற்காக எழுப்பும் கேள்விக்குக் குதர்க்கம் என்று பெயர். அறியும் வேட்கையுடன் சாஸ்திரத்திற்கு இணங்க எழும் கேள்வியே மனனம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கேட்பவருக்குத் தம் நெஞ்சில் எது இருக்கிறதென்று தெரியும்.

சந்தேகப்பட்டதற்காகப் பிரஜாபதி இந்திரனைக் கடியவில்லை. 'நீ நினைத்தது சரியே' என்று ஒப்புக்கொண்டு, இன்னும் 32 ஆண்டுகள் தங்கச் சொன்னார். பின்னர்க் கனவில் உலவுபவனே ஆத்மா என்றார். இந்திரன் புறப்பட்டான், கனவிலும் துரத்தப்படுகிறோமே, அழுகிறோமே என்று எண்ணித் திரும்பினான். மேலும் 32 ஆண்டுகள். இம்முறை கனவற்ற உறக்கத்தைக் காட்டினார். அங்கே துயரமில்லை, ஆனால் 'நான் இன்னார்' என்ற அறிவுமில்லையே, அழிவுக்கும் அதற்கும் என்ன வேற்றுமை என்று மூன்றாம் முறையும் பாதி வழியில் திரும்பினான். இப்போதும் பிரஜாபதி அவன் கூறியதை ஏற்றார். உடலற்றதாகிய ஆத்மாவை விளக்குமுன் அவனை மீண்டும் தங்கச் சொன்னார். அந்த முறை அவன் காத்திருக்க வேண்டியிருந்தது 5 ஆண்டுகள் மட்டுமே.