நித்திய கருமமும் பாத வைத்தியரும்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாத வைத்தியம் செய்வோர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தம் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதும், அதற்கு முன் அங்கீகாரம் பெற்ற பாடங்களை 50 மணி நேரம் பயின்றிருக்க வேண்டும் என்பதும், புளோரிடாவில் அந்தக் கணக்கு 40 மணி என்பதும் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சர்க்கார் அலுவலகத்துச் சில்லறை விவகாரங்களாகவே தோன்றும். ஆயினும், பாத வைத்தியக் கலாசாலையில் நான்கு ஆண்டும் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் மூன்று ஆண்டும் கழித்து, பரீட்சைகளில் தேறி, அறுவைக் கத்தியைக் கையில் எடுக்கும் அதிகாரமும் பெற்றுவிட்ட ஒருவரை, நரை கண்ட பிறகும் மாணாக்கர் வரிசையில் உட்காரச் சொல்லி அரசு ஆணையிடுவது எந்த நியாயத்தைக் கொண்டு என்று கேட்கப் புகுந்தால், அறிவென்பது ஒரு முறை ஈட்டிவிட்டால் என்றும் நம்முடையதாகவே இருந்துவிடும் பொருளா, அன்றி இடையறாத அப்பியாசத்தால் மட்டுமே நிலைபெறுவதொன்றா என்னும் பழைய விசாரத்துக்குள் வந்து சேர்கிறோம்.

நிர்ப்பந்தத்தால் வருவது கல்வியாகாது என்பாரின் ஆட்சேபத்தில் உண்மை உண்டு. சிரத்தையுள்ள வைத்தியருக்குச் சட்டம் வேண்டியதில்லை. சிரத்தையற்றவரைச் சட்டம் நாற்காலியில் உட்கார வைக்குமேயன்றி அவர் செவியைத் திறக்க அதனால் ஆகாது. வெறும் சொற்பொழிவு கேட்பதால் வைத்தியரின் செய்கை பெரும்பாலும் மாறுவதில்லை என்பதை டேவ் டேவிஸ் முதலிய ஆராய்ச்சியாளர் 1990-களிலேயே எடுத்துக்காட்டினர். போதாக்குறைக்கு, மருத்துவப் பிழைகளைத் தவிர்ப்பது பற்றி 2 மணி நேரம் பயில வேண்டும் என்று புளோரிடா விதிக்கிறது. கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகளை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் வேண்டுவோர் போதைப் பழக்கம் பற்றி ஒரு தடவை 8 மணி பயில வேண்டும் என்பது 2023 முதல் மத்திய அரசின் கட்டளை. நாட்டில் எந்தத் தீமை தலைதூக்கினாலும் வைத்தியரின் பாடக் கணக்கில் சில மணிகளைச் சேர்த்துவிட்டு ஆறுதலடையும் இவ்வழக்கம், சிகிச்சையைவிடப் பிராயச்சித்தத்தையே அதிகம் ஒத்திருக்கிறதென்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இத்தகைய கடமையின் இயல்பை, வேத விதிகளின் பொருளை விசாரித்த நம் மீமாம்சகர் நன்கு ஆராய்ந்திருக்கின்றனர். சந்தியாவந்தனம் முதலிய நித்திய கருமங்களைச் செய்வதால் தனிப்பலன் ஒன்றும் இல்லை. ஆனால் செய்யாதொழிந்தால் பிரத்தியவாயம் என்னும் தோஷம் வந்தடையும் என்பது அவர்களிற் பலர் கொண்ட முடிவு. ஐம்பது மணி நேரத்தைப் பூர்த்தி செய்த பாத வைத்தியருக்குப் புதுப் பட்டமும் இல்லை, கூடுதல் ஊதியமும் இல்லை. பூர்த்தி செய்யாதவருக்கோ தொழிலே கேள்விக்குரியதாகிவிடுகிறது. மீமாம்சகரின் இம்முடிவை வேதாந்தியான சங்கரர் ஒப்பவில்லை. செய்யாமை என்பது வெறும் இல்லாமை. இல்லாமையிலிருந்து தோஷமென்ற உள்பொருள் எவ்வாறு பிறக்கும் என்பது அவர் எழுப்பும் தடை. தர்க்க முறையில் இதை மறுப்பது எளிதன்று. ஆனால் இதற்கு ஒருவாறு விடை, நாம் எடுத்துக்கொண்ட தொழிலின் சரித்திரத்திலேயே கிடக்கிறது.

கொல்லிமலையில் 1914-ல் ஆங்கிலப் பாதிரிக் குடும்பத்தில் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் என்னும் அறுவை வைத்தியர், தொழுநோயாளரின் விரல்கள் குறைந்துபோவது நோய் அவற்றை நேரே தின்பதால் அன்று, நரம்புகள் மரத்து நோவறியும் சக்தி அற்றுப்போனபின் அவர்கள் அறியாமலே படும் காயங்களாலும் சூட்டுப் புண்களாலுமே என்று கண்டறிந்தார். 1966-ல் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் ஆஸ்பத்திரிக்குச் சென்ற அவர், நீரிழிவால் மரத்த பாதங்களுக்கும் அதே கதிதான் நேர்கிறதென்று உணர்ந்து, தமிழ்நாட்டில் கற்றதை அங்கே கையாளலானார். நோவு இல்லாமை என்னும் அபாவம் புண்ணைப் பிறப்பிக்கிறது. வேதாந்தி இங்கே குறுக்கிட்டு, புண்ணுக்குக் காரணம் செருப்பிலிருந்த ஆணியே, உணர்வின்மை அதைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான் என்பார். அப்பேதத்தை நான் மறுக்கவில்லை, காலை இழந்தவனுக்கு அது பயன்படுவதில்லை என்று மட்டுமே சொல்வேன்.

காலம் கடந்துபோன அறிவும் இவ்வாறே வலிப்பதில்லை. வைத்தியரின் அநுபவ ஆண்டுகளையும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆராய்ச்சிகளை 2005-ல் திரட்டிப் பார்த்தபோது, அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை ஆண்டு ஏற ஏறத் தரம் குறைவதையே காட்டின. தம் திறமையைத் தாமே மதிப்பிடுவதில் மிகவும் தவறுவோர் திறமை குறைந்தவர்களே என்பது அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. அப்படியானால் மனச்சாட்சியே போதும் என்னும் வாதம் நிற்கவில்லை. மனச்சாட்சி உறுத்துவதற்கு முதலில் குறை தெரிய வேண்டுமல்லவா? மரத்த பாதத்தைச் சோதிக்கும் வைத்தியர் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை அவர் உள்ளங்காலில் வைத்துத் தெரிகிறதா என்று கேட்கிறார். அந்த இழையைப் பிடிக்கும் கை வேறொருவருடையதாகவே இருக்க வேண்டும். அரசின் ஆணைக்கு நியாயம் வைத்தியரின் சோம்பலில் அன்று, இந்த இயலாமையிலேயே இருக்கிறது.

ஆனால் மணிக்கணக்கு அந்த இழையன்று. அது தெரிகிறதா என்று கேட்பதே இல்லை. கலிபோர்னியா சட்டம் இதை உணர்ந்தோ என்னவோ, 50 மணிக்கு மேலாக, திறமை தொடர்ந்து நிற்கிறதென்பதற்கு வேறொரு சான்றும் கோருகிறது: கடந்த பத்தாண்டுகளுக்குள் ஒரு பரீட்சையில் தேறியிருத்தல், ஐந்தாண்டுகளுக்குள் ஓர் ஆஸ்பத்திரி தன்னிடத்தில் பணிபுரியும் உரிமையை வழங்கியோ புதுப்பித்தோ இருத்தல் என்று பல வழிகளை வகுத்து, அவற்றில் ஏதேனும் ஒன்று போதும் என்கிறது. சட்டத்தின் சாரமான பகுதி இதுவே என்பது என் கருத்து. எனினும், நீரிழிவுக்காரரின் பாதத்தை ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்தாக வேண்டும் என்று வற்புறுத்தும் வைத்தியர்கள், தம் அறிவைச் சோதிக்க மட்டும் பத்தாண்டுத் தவணை எப்படிப் போதுமென்று கருதினார்கள் என்பதை அந்த மாநிலத்துப் பாத வைத்திய வாரியத்தாரிடம் யாரேனும் கேட்கத்தான் வேண்டும்.