திதி காத்திருக்குமா?

"அப்பா வர்ற அன்னிக்குத்தான் எங்களுக்குத் தீபாவளி." இராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன பேச்சு. மலேசியாவில் சரவாக்கில் மட்டும் தீபாவளிக்குப் பொது விடுமுறை கிடையாது. அங்கே கேம்பில் இருக்கும் தமிழ் வீரருக்கு அது வேலை நாள். 2007 முதல் ஐ.நா. அமைதிப் பணிக்காக லெபனான் போய்வரும் நம் படையினருக்கு வீடு இன்னும் தூரம்.

பத்து நாள் கழித்து எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அது தீபாவளியா? ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி யாருக்காகவும் காத்திருக்காது, சரிதான். ஆனால் ஒரு நாளைக் குறித்து வைத்ததே எல்லாரும் ஒன்றாகக் கூடத்தானே? அப்பா இல்லாத வீட்டில் யார் கூடுவது? அவர்கள் தள்ளிவைப்பதில் குற்றம் இல்லை என்பேன்.

என்னை உறுத்துவது வேறு. பணிக்குக் கையெழுத்துப் போட்டவர் அப்பா, பிள்ளை போடவில்லை. தாமான் முழுக்க மத்தாப்பு எரியும்போது அந்த வாசல் மட்டும் இருட்டு. "உங்க அப்பா பெரிய தியாகிப்பா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவது சுலபம், அதற்குக் காசா பணமா? திதி அன்று கோயிலுக்குப் போகும் காடியில் அந்தப் பிள்ளைகளுக்கும் இடம் வையுங்கள். பத்து நாள் கழித்து அங்கே விளக்கேறும்போது உங்களையும் கூப்பிடுவார்கள். புதுச் சட்டையை மறுபடி போட்டுக்கிட்டுப் போங்க, தம்பி.